புண் ஆறிவிட்டது, கறுப்பு ஏன் போகவில்லை?

கொசு கடித்த இடம், பரு உடைந்த இடம், எண்ணெய் தெறித்த இடம், செம்பனை முள் கீறிய இடம். காயம் பத்து நாளில் ஆறிவிடுகிறது. கறுப்புத் தடம் மட்டும் மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறது. அது ஓர் ஆண்பிள்ளையின் முழங்காலில் இருந்தால் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கலியாண வயதுப் பெண்ணின் கன்னத்தில் இருந்தாலோ வீடே கவலைப்படுகிறது. அந்தக் கவலையைக் காசாக்கவும் ஆள் இருக்கிறார்கள். கிள்ளானில் இருந்து பிரிக்பீல்ட்ஸ் வரை எந்தப் பசார் மாலாமுக்குப் போனாலும், சின்னச் சின்ன டப்பிகளில் "ஏழே நாளில் பளிச்" என்று ஏதாவது ஒரு களிம்பு கிடைக்காமல் போவதில்லை. இப்போது கைத்தொலைபேசி வழியாகவும் வீட்டு வாசலுக்கே வந்துவிடுகிறது.

தாய்மார்களே, காசை எடுப்பதற்கு முன்னால் இந்தக் கறுப்பு என்பது என்ன என்று ஒரு தடவை பார்த்துவிடலாமே.

நம் தோலின் மேலடுக்கில், அதன் அடித்தட்டிலே, சாயம் தயாரிக்கும் உயிரணுக்கள் இருக்கின்றன. அவை செய்யும் சாயத்துக்கு மெலனின் என்று பெயர். வெள்ளைக்காரருக்கும் நமக்கும் இந்த உயிரணுக்களின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் நம்முடையவை கூடுதலாக வேலை செய்கின்றன. சாய மணிகளும் பெரியவை. நிரையில் நின்று வெயிலில் உழைத்த நம் பாட்டன் பாட்டிமாருக்கு இயற்கை கொடுத்த குடை அது. அதைக் குறை என்று நினைப்பவர்களோடு எனக்கு வாதம் செய்ய நேரமில்லை.

தோலில் காயமோ எரிச்சலோ வீக்கமோ ஏற்பட்டால் இந்த உயிரணுக்கள் கிளறிவிடப்படுகின்றன. ஆபத்து வந்துவிட்டது என்று எண்ணிக்கொண்டு சாயத்தை அள்ளிக் கொட்டுகின்றன. புண் ஆறிய பிறகும் கொட்டிய சாயம் அங்கேயே கிடக்கிறது. நாம் பார்க்கும் கறுப்புத் தடம் அதுதான். அழுக்கும் அல்ல, கெட்ட இரத்தமும் அல்ல. ஆகவே தேய்த்துக் கழுவினால் போகாது. தேய்த்தால் மறுபடியும் எரிச்சல், மறுபடியும் சாயம்!

சாயம் மேலடுக்கிலேயே நின்றுவிட்டால் தடம் தவிட்டு நிறமாக இருக்கும். மேல் தோல் ஏறக்குறைய மாதம் ஒரு முறை உதிர்ந்து புதிதாகிறது. அதனோடு சாயமும் கொஞ்சம் கொஞ்சமாக உதிரும். பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் மங்கிவிடும். காயம் ஆழமாக இருந்தால், அல்லது அதே இடம் மறுபடி மறுபடி கிளறப்பட்டால், சாயம் கீழடுக்குக்கு இறங்கிவிடுகிறது. அப்போது நிறம் நீலம் கலந்த சாம்பலாகத் தெரியும். அந்தக் காலத்துப் பாட்டிமார் கையில் பச்சை குத்திக்கொண்டார்களே, அது எழுபது வயதிலும் அழியாமல் இருந்ததற்குக் காரணம் மை கீழடுக்கில் இருந்ததுதான். இதுவும் அந்த மாதிரி. போக வருடங்கள் ஆகும், சில சமயம் முழுவதும் போகாது.

விரலால் தடவிப் பாருங்கள். மேடோ பள்ளமோ தட்டுப்பட்டால் அது தழும்பு. அதற்கு வைத்தியமே வேறு. வழவழப்பாக இருந்து நிறம் மட்டும் மாறியிருந்தால் நான் சொல்லும் கறுப்பு. பத்துமலையில் அலகு குத்திக்கொண்டவர்களின் முதுகில் இரண்டையும் பார்க்கலாம்: சிலருக்குப் புள்ளி புள்ளியாகக் கறுப்பு, சிலருக்குத் தடித்த தழும்பு.

ஆக, கறுப்பு எவ்வளவு ஆழம் என்பதைப் பெரும்பாலும் முதல் சில நாட்களே தீர்மானிக்கின்றன. எரிச்சலைச் சீக்கிரம் அடக்கினால் தடம் சிறுக்கும். இதைத்தான் நம்மவர் கவனிப்பதில்லை. புண் இருக்கும்போது "பிள்ளைதானே, ஆறிடும்" என்று விட்டுவிட்டு, ஆறிய பிறகு களிம்பு தேடுகிறோம்.

பள்ளியில் நான் அன்றாடம் பார்ப்பது கொசுக்கடி. வகுப்பில் பாடம் கேட்டுக்கொண்டே கால் நகத்தால் மறு காலைச் சொறிகிற பிள்ளைகள் எத்தனை! மழைக்காலத்தில் முழங்காலுக்குக் கீழே பொரிப் பொரியாக இருக்கும். ஐந்தாம் ஆண்டு, ஆறாம் ஆண்டு வந்ததும் பெண்பிள்ளைகளுக்கு வெட்கம் வந்துவிடுகிறது. காலுறையை முழங்கால்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, ஓட்டப் பந்தயத்துக்கு வர மறுக்கிறார்கள். இதற்குச் செலவே இல்லாத வைத்தியம் வெள்ளிக்கிழமை தோறும் நகம் வெட்டுவது. கடித்த இடத்தில் ஈரத் துணியை வைத்து எடுங்கள், காலமைன் தடவுங்கள். அரிப்பு தூக்கத்தைக் கெடுத்தால் கிளினிக்கில் மாத்திரையும் மருந்தும் கேளுங்கள். கரப்பான் உள்ள பிள்ளை என்றால், குளித்த ஈரம் காயும் முன்னே சாதாரண வாசலின் பூசினால்கூட அரிப்பு குறையும். சூடான தைலங்களைச் சொறிந்த தோலின்மேல் தேய்க்காதீர்கள். குளுகுளு என்று இருக்கும், ஆனால் தோலுக்கு அது இன்னொரு எரிச்சல்.

பருவும் அப்படியே. கண்ணாடி முன் நின்று பிதுக்கிய ஒவ்வொரு பருவும் ஒரு புள்ளியை விட்டுவிட்டுப் போகும். பரு புதிது புதிதாக வந்துகொண்டிருக்கும்போது புள்ளிக்கு மட்டும் மருந்து போடுவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைப்பது மாதிரி. முதலில் பருவுக்கு வைத்தியம்.

சுட்டுக்கொண்டால்? குழாயைத் திறந்து, ஓடுகிற தண்ணீரில் இருபது நிமிடம் வைத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்து இருபது நிமிடம். பற்பசை, கிச்சாப், சுண்ணாம்பு, முட்டை வெள்ளை எதுவும் வேண்டாம். அடுக்களையில் கையில் அகப்பட்டதையெல்லாம் பூசுகிற பழக்கம் நம் இனத்துக்கு மட்டும் உரியது அல்ல. அக்கம்பக்கத்து மலாய்க்காரர், சீனர் வீடுகளிலும் உண்டு. எல்லார் வீட்டிலும் தடம் பெரிதாவதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோட்ட வேலைக்கு வருவோம். பால் உறைய ஊற்றும் ஆசிட் கையில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும்; அது எரித்த இடம் ஆறினாலும் நிறம் மாறித்தான் ஆறும். காட்டோரத்தில் ரெங்காஸ் மரம் இருந்தால் அதன் பால் படாமல் பாருங்கள். கொப்புளித்து, கறுத்து, வாரக்கணக்கில் பாடாய்ப் படுத்திவிடும். மாங்காய்ப் பாலும் முந்திரிக் கொட்டை எண்ணெயும் அதன் உறவுக்காரர்கள்தாம்.

எல்லாவற்றையும்விடக் கொடுமை மருந்து அடிக்கும் வேலை. முதுகில் பம்ப்பைச் சுமந்து களைக்கொல்லி தெளித்த பெண்களில் எத்தனை பேருக்கு நகம் நிறம் மாறி உதிர்ந்தது, தொடையிலும் முதுகிலும் மருந்து ஒழுகித் தோல் வெந்தது என்பது தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தெனாகானித்தா அமைப்பு 2002-இல் தோட்டத்துப் பெண்களின் நிலையை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டது. அந்த ஆண்டில் பாராகுவாட் மருந்துக்கு அரசாங்கம் தடை விதித்தது. 2006-இல் தடை தளர்ந்தது. கடைசியில் 2020 ஜனவரி முதல் தேதிதான் முழுத் தடை வந்தது. பாராகுவாட் போனாலும் மற்ற மருந்துகள் இருக்கின்றன. நனைந்த சட்டையோடு மதியம்வரை நிற்காமல், உடனே மாற்றிச் சவுக்காரம் போட்டுக் குளிப்பது பெரிய பாதுகாப்பு. மாற்றுச் சட்டையும் தண்ணீரும் வேலைக்காட்டிலேயே இருக்க வேண்டும். இது தொழிலாளி கேட்கும் சலுகை அல்ல.

இனி வெயில். புது தடத்தின் மேல் வெயில் பட்டால் சாய உயிரணுக்கள் மறுபடியும் உசுப்பப்படும். மங்கிக்கொண்டிருந்த தடம் கறுத்துவிடும். கடையில் விற்கும் வெயில் களிம்பு நல்லதுதான், ஆனால் வியர்வையில் வழிந்துவிடும், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை பூச வேண்டும், விலையும் கூட. நம் பெண்கள் காலங்காலமாகத் தலையில் துண்டைக் கட்டி, அதன்மேல் தொப்பியை வைத்து, முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு மரம் வெட்டப் போனார்களே, அதற்கு ஈடாக ஒரு களிம்பும் எனக்குத் தெரியவில்லை.

வெயிலோடு எலுமிச்சை சேர்ந்தால் இன்னும் மோசம். கறுப்புப் போகும் என்று எலுமிச்சைச் சாற்றைப் பூசிக்கொண்டு முற்றத்தில் துணி காயப்போடப் போவார்கள். அந்தச் சாற்றில் உள்ள ஒரு பொருள் வெயில் பட்டதும் தோலைச் சுடுகிறது. இரண்டொரு நாளில் சிவந்து, பிறகு சாறு வழிந்த வழியெல்லாம் கோடு கோடாகக் கறுத்துப்போகும். கறுப்பைப் போக்கப் பூசியதே கறுப்பைக் கொண்டுவருகிறது.

இப்போது ஒரு கதை. கதையென்றால் நடந்த கதை. நம் ரப்பர் சம்பந்தப்பட்டது.

1939-ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு தோல் பதனிடும் தொழிற்சாலையில் தொழிலாளர் பலருடைய கைகள் வெளுக்கத் தொடங்கின. கையுறை போட்ட இடம் மட்டும் வெள்ளை. அதற்கு மேலே பழைய நிறம். ஆராய்ந்து பார்த்தார்கள். கையுறை ரப்பரால் ஆனது. ரப்பர் சீக்கிரம் வெடித்துக் கெடாமல் இருக்க அதில் மோனோபென்சோன் என்னும் இரசாயனத்தைச் சேர்த்திருந்தார்கள். அதுதான் தோலுக்குள் புகுந்து சாய உயிரணுக்களைத் தாக்கியிருக்கிறது. கையுறையை மாற்றிய பிறகு பலருக்கும் நிறம் மெல்ல மெல்லத் திரும்பியது.

இதைக் கேட்டால் நமக்கு என்ன தோன்றும்? பொல்லாத சரக்கு, தள்ளி வை என்றுதானே? ஆனால் உலகம் வேறு மாதிரி யோசித்தது. நிறத்தை அழிக்கிறதா, அப்படியானால் கரும்புள்ளிக்கு மருந்தாக்கலாமே என்று 1950-களில் அதைக் களிம்பாக்கிப் பூசிப் பார்த்தார்கள். புள்ளி மறைந்ததோ இல்லையோ, பலருக்குக் கன்னத்திலும் கழுத்திலும் திட்டுத் திட்டாக நிரந்தர வெள்ளை விழுந்தது. பூசாத இடத்தில்கூட விழுந்தது. அதன்பின் அந்த மருந்து ஒதுக்கப்பட்டு, உடம்பில் பெரும்பகுதி ஏற்கெனவே வெளுத்துப்போன வெண்புள்ளிக்காரர்களுக்கு மட்டும் என்று ஆனது.

அதன் நெருங்கிய உறவான ஹைட்ரோகுவினோன் சற்றுச் சாதுவானது. இன்றும் தோல் டாக்டர்கள் அதை எழுதிக் கொடுக்கிறார்கள். அளவாக, சில மாதத்துக்கு மட்டும். ஆனால் தென்னாப்பிரிக்காவில் அது கடைச் சரக்காக விற்கப்பட்டு, கறுப்பினப் பெண்கள் வருடக்கணக்கில் பூசினார்கள். 1975-இல் அங்குள்ள மருத்துவர்கள் ஓர் உண்மையை வெளியிட்டார்கள்: வெளுக்கப் பூசிய முகங்களில் கன்ன எலும்பின்மேல் கருநீலமான, பொரிப் பொரியான கறை படிந்திருந்தது. அந்தக் கறையைப் போக்குவது மிகக் கடினம். மலேசியாவில் அழகுப் பொருள்களில் ஹைட்ரோகுவினோன் சேர்க்கக் கூடாது. அது மருந்து, மருத்துவ மேற்பார்வையில்தான் பூச வேண்டும். அப்படியிருந்தும் பெட்டாலிங் ஜெயாவில் உள்ள தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் அவ்வப்போது வெளியிடும் தடைப் பட்டியல்களில் அதே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. கூடவே வருபவை பாதரசம், திரெட்டினோயின், ஸ்டீராய்டு.

ஸ்டீராய்டு களிம்பின் தந்திரத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். பூசிய சில நாளில் பரு அடங்கும், முகம் வெளுக்கும், பக்கத்து வீட்டு அண்ணி "என்ன பூசுறே?" என்று கேட்பாள். சில மாதத்தில் தோல் மெலிந்து நரம்பு தெரியும், முகத்தில் முடி வளரும். நிறுத்தினால் நெருப்பாய் எரியும், முன்பைவிட அதிகமாகப் பரு வரும். எரிகிறதே என்று மறுபடி பூசுவாள். இப்படி மாட்டிக்கொண்டவர்கள், தாங்களாக நிறுத்தாமல், டாக்டரிடம் போய்ப் படிப்படியாகக் குறைப்பதே நல்லது. படர்தாமரையின்மேல் இதைப் பூசினால் கிருமிக்குக் கொண்டாட்டம். வட்டம் பெரிதாகிக் கறுப்பும் பெரிதாகும்.

பாதரசம் இன்னும் ஒரு படி மேல். அது தோலோடு நிற்பதில்லை. கேரளத்தில் மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் உள்ள சிறுநீரக மருத்துவர்கள் 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை ஆராய்ந்தார்கள். உடம்பு வீங்கி, சிறுநீரில் புரதம் நுரைத்துப் போகும் நோய். அவர்களில் 15 பேருக்கு அந்த நோயின் அபூர்வமான ஒரு பிரிவு. அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கக் களிம்பு பூசியவர்கள்! களிம்பை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள். முகத்தில் பூசியது சிறுநீரகத்துக்குப் போகிறது. தாய் பூசினால் தலையணை, துண்டு வழியாக மடியில் கிடக்கும் குழந்தைக்கும் போகிறது. கர்ப்பிணிகள் கட்டாயம் தொடக் கூடாது.

பாதரசம் என்று டப்பியில் யாரும் எழுதமாட்டார்கள். ஆனால் ஓர் அடையாளம் உண்டு. "பூசும்போது தங்கம், வெள்ளி நகைகளைக் கழற்றி வைக்கவும்" என்று எங்காவது எழுதியிருந்தால், அல்லது விற்கிறவள் சொன்னால், சந்தேகப்படுங்கள். பாதரசம் தங்கத்தைத் தின்னும். கழுத்துச் சங்கிலியைக் கெடுப்பது கழுத்தை மட்டும் விட்டுவிடுமா? நம் நாட்டில் முறையாக அறிவிக்கப்பட்ட அழகுப் பொருளின் உறையில் என், ஓ, டி என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில் தொடங்கும் எண் இருக்கும். மகனையோ மகளையோ விட்டு அந்த எண்ணை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் தேடச் சொல்லுங்கள். எண் இல்லாததையும், யார் செய்தது என்ற முகவரி இல்லாததையும் வாங்கவேண்டாம். எண் போட்ட பிறகு சரக்கை மாற்றி விற்றுப் பிடிபட்டவர்களும் உண்டு. ஆகவே ஏழு நாளில் வெளுத்தால் மகிழாதீர்கள், பயப்படுங்கள்.

டாக்டரிடம் போனால் என்ன செய்வார்? முதலில் எரிச்சலை உண்டாக்கும் காரணத்தை நிறுத்துவார். பிறகு அசெலாயிக் அமிலம், நியாசினமைடு, ரெட்டினாய்டு வகைக் களிம்பு, அல்லது அளவான ஹைட்ரோகுவினோன். எதற்கும் இரண்டு மூன்று மாதமாவது ஆகும். ரெட்டினாய்டு கர்ப்பிணிகளுக்கு ஆகாது. லேசர், தோலை உரிக்கும் ஆசிட் என்று பெரிய செலவு சொல்லும் அழகு நிலையங்களும் இருக்கின்றன. நம் நிறத் தோலில் தப்பாகச் செய்தால் அதுவே புதுக் காயம், புதுக் கறுப்பு. அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். தேவைப்பட்டால் அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பகுதிக்குக் கடிதம் கொடுப்பார்கள்.

கறுப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தேன். வெளுப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிலேதான் நம்மவர் அதிகமாகக் கலங்கிப்போகிறார்கள். பிள்ளையின் கன்னத்தில் மங்கலான வெளிர்த் திட்டு தெரிந்தால் "வயித்துல பூச்சி" என்று பேதி மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அது வறண்ட தோலின் இலேசான கரப்பான். எண்ணெய்ப் பசையான களிம்பு போதும், நிறம் தானே வரும். மார்பிலும் முதுகிலும் செதில் செதிலாக வருவது தேமல். அது காளான் வகை, மருந்தில் போகும். கிருமி செத்த பிறகும் நிறம் திரும்பச் சில மாதம் ஆகும் என்பதால் மருந்து பலிக்கவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

நெற்றியில் ஒட்டுப் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைப் புள்ளி விழுகிறதா? சில பொட்டுகளின் பசையில் உள்ள ஓர் இரசாயனம், அந்த அமெரிக்கக் கையுறை செய்த வேலையைத்தான் செய்கிறது. ரப்பர்ச் செருப்பின் வார் படும் இடத்திலும் இப்படி வருவதுண்டு. ஒட்டுப் பொட்டை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள்; சீக்கிரம் கவனித்தால் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம். குங்குமம் வைக்கும் இடம் அரித்துக் கறுத்தால் அந்தக் குங்குமத்தின் சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

பால்போல வெளுத்து, பரவிக்கொண்டே போவது வெண்புள்ளி. நம் ஊரில் அதற்குக் குஷ்டம் என்ற பெயரைச் சேர்த்துக் கூப்பிட்டு எத்தனையோ பெண்களின் வாழ்க்கையைக் கெடுத்தார்கள். அது ஒட்டாது, தொழுநோய்க்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தொழுநோயின் திட்டு வெளிறியோ சிவந்தோ இருக்கும், அதில் உணர்ச்சி மரத்துப்போகும். பஞ்சால் தொட்டால் தெரியாது. அப்படி ஒரு திட்டு இருந்தால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். சுங்கை பூலோவில் 1930-இல் தொழுநோயாளிகளுக்கென்று தனிக் குடியிருப்பு திறந்து, அங்கே மனிதர்களை ஊரிலிருந்து பிரித்து வைத்த காலம் போய்விட்டது. இன்று மாத்திரையில் குணமாகும், வீட்டில் இருந்துகொண்டே சாப்பிடலாம்.

கறுப்பிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். காயமே படாத இடத்தில் புதிதாகத் தோன்றி வளர்கிற கரும்புள்ளி, இரத்தம் கசிகிற புள்ளி, உள்ளங்காலிலோ நகத்தடியிலோ வருகிற கறுப்பு: இவற்றுக்குக் களிம்பு பூசிக்கொண்டிருக்காமல் கிளினிக்குக்குப் போங்கள். கழுத்தைச் சுற்றிக் கறுத்து வெல்வெட்டுத் துணிபோல் தடித்தால் சர்க்கரையைச் சோதித்துக்கொள்ளுங்கள். அது தேய்த்துக் குளிக்காததால் வந்தது என்று பிள்ளையைத் திட்டாதீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசிய களிம்பு டப்பிகளையெல்லாம், காலியானதாக இருந்தாலும், ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையோடு கொண்டு போங்கள். எத்தனை நாள் பூசினீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். டப்பியைப் பார்த்தால்தான் டாக்டருக்குப் பாதி விஷயம் புரியும்.